வடக்கே யானை, தெற்கே மலை

எங்கள் விமான ஓடுபாதையில் யானை வந்து நிற்கும் என்று வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். லக்கலைப் பக்கம் ஒரு மாரி காலம் இருந்து பார்த்தவன் சிரிக்கமாட்டான். வயலுக்கு வருகிறது, காடு வெட்டிப் பயிர் போட்ட சேனைக்கு வருகிறது, நாளுக்கு இரண்டு தடவை மட்டும் பஸ் ஓடுகிற ரோட்டையும் மறித்துக்கொண்டு நிற்கிறது. புல் வெட்டித் தார் போட்டு, வேலியையும் அரைகுறையாக அடித்து வைத்திருக்கிற எங்கள் இடத்துக்கு மட்டும் அது ஏன் வராது?

நான் அங்கே தீயணைப்புக் குழுவுக்குப் பொறுப்பு. பெயர் யாகூப். தீப்பிடித்த விமானம் ஒன்றை இன்றுவரை நான் பார்த்ததில்லை, அல்ஹம்துலில்லாஹ். யானையைத்தான் விரட்டிக்கொண்டிருக்கிறேன். சம்பளம் ஒரு வேலைக்கு, செய்வது இன்னொரு வேலை. இதைச் சொல்லி முகாமையாளரிடம் பல தடவை சண்டை பிடித்தாயிற்று. அந்தக் கதை கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது அஜந்தாவைப் பற்றி.

அஜந்தா எங்கள் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவள். விமானம் எப்போது ஓட வேண்டும், எந்தப் பக்கமாக ஏற வேண்டும், எப்போது இறங்கலாம் என்று ரேடியோவில் சொல்லுகிறவள். நேரில் ‘மிஸ்’ என்றுதான் கூப்பிடுவேன்; அவள் அண்ணன் முறையில் என்னை ‘நானா’ என்பாள். எழுதும்போது ‘அவள்’ என்று வந்துவிடுகிறது. என் மூத்த மகளைவிடக் கொஞ்சம்தான் மூப்பு, அதனால் பாதகமில்லை.

அவளுடைய அப்பா ஆறுமுகநாதன் வடக்கிலிருந்து நில அளவை வேலையாக மாத்தளைக்கு வந்தவர். சொந்த ஊருக்கே மாற்றம் கேட்டு எழுதி எழுதிச் சலித்துப்போய், கடைசியில் மாத்தளை டவுனிலேயே வீடு கட்டிவிட்டார். அம்மா சந்திரவதனா கணக்குப் படிப்பித்த டீச்சர். ஆகவே பிள்ளை வீட்டுக்குள் யாழ்ப்பாணத்துத் தமிழ் பேசுவாள். படலையைத் தாண்டினால் எங்களைப் போலப் பேசுவாள். கடைத்தெருவில் சிங்களம், கோபுரத்தில் ஆங்கிலம். ஒன்றை இன்னொன்றோடு கலந்து நான் கேட்டதில்லை.

பொறியியலுக்குப் போகத்தான் ஆசைப்பட்டிருக்கிறாள். பல்கலைக்கழகத்துக்கான வெட்டுப்புள்ளி கொஞ்சத்தில் தவறிப்போனது. ஒரு மாதம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுததாக அவளுடைய அம்மாவே என்னிடம் சொல்லியிருக்கிறார். பிறகு பத்திரிகை விளம்பரம் ஒன்றைப் பார்த்து விண்ணப்பித்து, பயிற்சி எடுத்து, கொழும்புப் பக்கம் பெரிய விமான நிலையத்தில் சில வருடம் வேலை செய்தாள். அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனதும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கு வந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு தனியார் கம்பனி, சீகிரியாவுக்கும் மலைக்கும் வருகிற உல்லாசப் பயணிகளை நம்பி, பல்லேகமைக்கு அப்பால் இந்த ஓடுபாதையைப் போட்டது. பெரிய இடத்தில் இருந்தவள் இந்தக் காட்டுக்கு வந்ததைப் பலர் இளக்காரமாகப் பேசினார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வேலையில் ஆள் சரியான இறுக்கம். கதிரை இருந்தாலும் உட்காரமாட்டாள். யாராவது பகிடி விட்டால், வானத்தில் விமானம் இருக்கும்வரை சிரிக்கமாட்டாள். விமானி ஒரு வார்த்தையை விழுங்கினால் முழுவதையும் திருப்பிச் சொல்ல வைப்பாள். அவளோடு ரேடியோவில் பேசுவது பாங்கில் கையெழுத்து சரிவராமல் கவுண்டரில் நிற்பது மாதிரி என்று விமானிகள் புறுபுறுப்பார்கள். அந்தப் புறுபுறுப்பு என் வீட்டுக்கும் வந்து சேரும். ஏனென்றால் அந்த விமானிகளில் ஒருவன் என் மகன் நளீம்.

நளீம் துணை விமானி. கப்டன் அன்ஸாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பறக்கிறவன். ரேடியோவில் பேசுவது பெரும்பாலும் அவன்தான். மகன் வானத்தில், வாப்பா தரையில் தீயணைப்பு வண்டியோடு. என் மனைவி மஸூதாவுக்கு இந்த ஏற்பாடு கொஞ்சமும் பிடிக்காது. ‘அவன் விழுந்தா அள்ளுறதுக்கு உங்களையும் வச்சிருக்காங்களா?’ என்று ஒரு நாள் கேட்டாள். நான் சோற்றை வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டேன்.

இனி ஓடுபாதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நடந்தது விளங்காது.

அது வடக்குத் தெற்காகக் கிடக்கிறது. வடக்கே போனால் நீர்த்தேக்கம், திறந்த வெளி. தெற்கே போனால் வயல், வயல் முடிந்ததும் காடு, காட்டுக்குப் பின்னால் மலை. சும்மா மலை இல்லை, நிமிர்ந்து பார்த்தால் தொப்பி விழுகிற மலை. மழைக் காலத்தில் மேகம் இறங்கிவிட்டால் விமானியால் வெளியே ஒன்றும் பார்க்க முடியாது. கருவிகளை மட்டும் பார்த்து ஏற வேண்டும். அதற்காகவே எந்தத் திசையில், எந்த உயரம்வரை, எங்கே திரும்பி என்று வழி போட்டு வரைபடமாக வைத்திருக்கிறார்கள். எங்கள் வாயில் அது ‘டிபாச்சர்’. எங்களுக்கு இரண்டு டிபாச்சர். வடக்கே கிளம்பினால் மூவாயிரம் அடிவரை நேராக ஏறு, பிறகு இடது பக்கம் திரும்பு. தெற்கே கிளம்பினால் ஐந்நூறு அடியிலேயே உடனே இடது பக்கம் திரும்பு, கிழக்கே வஸ்கமுவைக் காட்டுக்கு மேலே சுற்றி உயரம் எடு. தெற்கே கிளம்பிவிட்டு வடக்கின் வழியைப் பிடித்தால் என்ன நடக்கும் என்பது மஸூதாவுக்குக்கூட விளங்கும். மூவாயிரம் அடிவரை நேராகப் போனால் மலைக்குள்தான் போக வேண்டும்.

எப்போதும் வடக்கேதான் கிளம்புவார்கள். வடக்கு முனையில் யானை நின்றால் மட்டும் தெற்கே. இது எங்கள் இடத்துக்கே உரிய பழக்கம். சின்ன விமானம், பாதி ஓடுபாதை போதும், நடுவிலிருந்து யானைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடிவிடலாம். வெயில் நாட்களில் இதற்கு ஒரு பேச்சும் தேவைப்படாது. ‘வடக்கே யானை, தெற்கே போங்க’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சொன்னால் போய்விடுவார்கள். மலைதான் கண்ணுக்கு முன்னால் தெரிகிறதே, வயல் முடிகிற இடத்தில் தாங்களாகவே இடது பக்கம் வளைத்துவிடுவார்கள். அந்த நாட்களில் யாரும் டிபாச்சரைப் பற்றி வாய் திறந்ததில்லை. அஜந்தாவும்தான். இவ்வளவு இறுக்கமானவளுக்குள்ளும் இந்த ஒரு பழக்கம் எப்படியோ நுழைந்திருந்தது. யானை எங்கள் எல்லோரையும் அப்படிப் பழக்கிவிட்டிருந்தது.

அன்று மார்கழி மழை. காலையிலிருந்து தூறிக்கொண்டேயிருந்தது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் வெளித்தது, ஆனால் மலை இருந்த பக்கம் வெறும் வெள்ளை. மலை இருந்ததற்கான அடையாளமே இல்லை. ஒன்பது பயணிகள், எல்லோரும் வெளிநாட்டவர், இரவு விமானத்தைப் பிடிக்க கொழும்புக்குப் போக வேண்டியவர்கள். கப்டன் அன்ஸாருக்கு அவசரம். நளீம் தரிப்பிடத்திலிருந்தே பயண அனுமதி கேட்டான். அஜந்தா கொழும்புக் கட்டுப்பாட்டு நிலையத்தோடு போனில் பேசி, பாதை, உயரம், வடக்கு டிபாச்சர் என்று ஒவ்வொன்றாக வாசித்தாள். அவன் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னான். எல்லாம் சரி. என் வண்டி ரேடியோவிலும் அது கேட்டது. மகன் நல்ல தெளிவாகப் பேசுகிறான் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகுதான் யானைகள் வந்தன. நாலைந்து, நடுவில் ஒரு குட்டி. குட்டி இருந்தால் அவ்வளவுதான், தாய் அசையாது. சைரனை அடித்துக்கொண்டு கிட்டப் போனேன். ஒன்று காதை விரித்துக்கொண்டு இரண்டு அடி முன்னால் வந்தது, நான் வண்டியைப் பின்னுக்கு எடுத்தேன். யானை விரட்டுகிற வெடி போடலாம் என்றால், ஈரம் பட்டுப் புஸ் என்று போனது. காய்ந்த வெடிப் பெட்டி கோபுரத்தில் இருந்தது. எடுக்கப் போனவன் அப்படியே மேலே ஏறி விஷயத்தைச் சொன்னேன்.

“குட்டியோட நிக்குது மிஸ். இப்போதைக்கு அசையாது.”

அஜந்தா பைனாக்குலரை வடக்கே பிடித்துப் பார்த்தாள். பிறகு காற்றுக் கருவியைப் பார்த்தாள்.

“காத்து இல்ல. தெற்காலயே அனுப்புறேன் நானா. நீங்க கிட்டப் போகாதீங்க.”

ரேடியோவில் ஆங்கிலத்தில் சொன்னாள். ஓடுபாதை மாற்றம், வடக்கு முனையில் யானை, ஓடுபாதையின் நடுவில் ஏறித் தெற்கு நோக்கி நில்லுங்கள். நளீம் அதைத் திருப்பிச் சொன்னான். விமானம் நகரத் தொடங்கியது. அவள் அடுத்து எதையோ சொல்ல மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள். அந்த நேரம் பார்த்துக் கொழும்பு போன் அடித்தது. எப்போது கிளம்புகிறது, இன்னும் ஏன் கிளம்பவில்லை என்று கேட்கிறார்கள். யானை என்று விளக்கிச் சொன்னாள். மறுபக்கத்தில் சிரித்திருக்க வேண்டும், அவள் முகம் சுருங்கியது. போனை வைத்தபோது விமானம் ஓடுபாதையில் தயாராக நின்றது.

“புறப்படலாம்” என்றாள் ரேடியோவில், ஆங்கிலத்தில்தான்.

அவள் சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று. வடக்கு டிபாச்சர் இனி இல்லை, தெற்கு டிபாச்சர் என்று சொல்லவில்லை. அவளுடைய மனதில், ஓடுபாதை மாறினால் விமானி அந்த ஓடுபாதையின் வரைபடத்தைத்தான் எடுப்பார். அன்ஸாருடைய மனதில், டிபாச்சர் மாறினால் கோபுரம் சொல்லும், சொல்லாதவரை கொடுத்த அனுமதிதான் அனுமதி. இரண்டுமே நியாயமான நினைப்புத்தான். இரண்டுக்கும் நடுவில் பதினொரு உயிர் இருந்தது, அதில் ஒன்று என்னுடைய பிள்ளை. இதெல்லாம் பிறகு ஒலிப்பதிவைக் கேட்டபோது விளங்கியது. அந்த நேரம் நான் வெடிப் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

விமானம் ஓடி எழும்பியது. அஜந்தா நேரத்தைக் குறித்துவிட்டு நிமிர்ந்தாள். வயல் முடிகிற இடம் வந்தது. விமானம் வளையவில்லை. இறக்கை கொஞ்சமும் சரியவில்லை. நூல் பிடித்த மாதிரி நேராகப் போய் வெள்ளைக்குள் மறைந்தது.

“ஏன் திரும்பல்ல?” என்றாள். என்னிடம் இல்லை, கண்ணாடியிடம் கேட்ட மாதிரி இருந்தது. அடுத்த நொடி அவள் கை மைக்கில் இருந்தது. அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

எங்களிடம் ராடார் கிடையாது. மேகத்துக்குள் போனதை எங்களால் பார்க்க முடியாது. குரல் மட்டும்தான் இருக்கிறது.

ஆங்கிலத்தில் சொன்னாள், புத்தகத்தில் இருக்கிற மாதிரியே. உடனே இடது பக்கம் திரும்புங்கள், திசை வடகிழக்கு, முன்னால் மலை. குரல் நடுங்கவில்லை.

பதில் வந்தது. என் மகனுடைய குரல். எவ்வளவு பணிவாக, எவ்வளவு நிதானமாக! உறுதிப்படுத்த முடியுமா, எங்களுக்குக் கொடுத்த டிபாச்சர்படி மூவாயிரம் அடிவரை நேராகத்தானே ஏற வேண்டும், அதைத்தானே செய்துகொண்டிருக்கிறோம் என்று கேட்டான். அவனுக்கு அப்படிப் பேசப் பழக்கியதே அஜந்தாதான். சந்தேகம் இருந்தால் கேள், ஊகிக்காதே என்று. அன்றைக்குப் பார்த்து அந்தப் பிள்ளை ஒழுங்காகக் கேட்டுக்கொண்டிருந்தான், மலை வந்துகொண்டிருந்தது.

அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினாள். தமிழில்.

“நளீம்! முன்னால மலை! இடது பக்கம் திரும்புங்க! கேக்காதீங்க, திரும்புங்க! இப்பவே!”

கோபுரத்து ரேடியோவில் தமிழ் வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். அது சட்டத்தில் இல்லை. அந்தக் குரலும் அவளுடையதாக இல்லை, சந்தையில் பிள்ளையைத் தவறவிட்ட தாயின் குரல் அது.

பதில் இல்லை.

மறுபடியும் கூப்பிட்டாள், இந்தத் தடவை விமானத்தின் அழைப்புப் பெயரைச் சொல்லி. பதில் இல்லை. ரேடியோவில் இரைச்சல் மட்டும் வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டேன். கலிமா வாயில் தானாக வந்தது.

“மிஸ்” என்றேன். “மிஸ், என்ட புள்ள...”

“கதைக்காதீங்க நானா.” திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். “எனக்குக் கேக்கணும்.”

அவளை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது எனக்கு. உண்மையாகவே சொல்கிறேன். என் பிள்ளையை மலைக்கு அனுப்பிவிட்டு என்னை வாயை மூடு என்கிறாளே என்று. ஆனால் வாயை மூடினேன். அவள் தலையைச் சரித்து, கண்ணை மூடி, ரேடியோப் பெட்டியில் காதை ஒட்ட வைத்துக்கொண்டு நின்றாள். மலைப் பக்கமிருந்து ஒரு சத்தம் வருமோ என்று நான் ஜன்னலில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். கீழே என் தீயணைப்பு வண்டி சிவப்பாக, கழுவித் துடைத்து நின்றது. மலையில் விழுந்த விமானத்துக்கு அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? அந்தக் காட்டுக்குள் ரோடே கிடையாது.

எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒலிப்பதிவில் பார்த்தால் ஒரு நிமிடம்கூட இல்லையாம். நான் நம்பவில்லை.

பிறகு இரைச்சலுக்குள் ஒரு குரல். அன்ஸாருடைய குரல், மூச்சு வாங்கியது. இடது பக்கம் திரும்பிவிட்டோம், கிழக்கு நோக்கி ஏறுகிறோம், மூவாயிரம் அடி தாண்டிவிட்டோம், மேகத்துக்கு மேலே வந்துவிட்டோம். பின்னால் நளீம் எதையோ சொல்லுவது கேட்டது, என்னவென்று விளங்கவில்லை. விளங்கத் தேவையும் இருக்கவில்லை. பேசுகிறான், அது போதும். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கடைசி நேரத்தில் என்ன நடந்தது என்று நளீம் பிறகு எனக்குச் சொன்னான். தமிழ் கேட்டதும் கப்டன் ஒரு கேள்வியும் கேட்காமல் விமானத்தை இடது பக்கம் சாய்த்துவிட்டாராம். சாயும்போதே தரை நெருங்குகிறது என்று உள்ளே எச்சரிக்கைக் கருவி கத்தத் தொடங்கியதாம். மேகம் ஓரிடத்தில் கிழிந்து வலது பக்கக் கண்ணாடியில் ஈரப் பாறையும் மானாப் புல்லும் தெரிந்ததாம். புல் ஆடியதுகூடத் தெரிந்தது வாப்பா என்றான். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அஜந்தா அவர்களுக்குப் புதிய திசையும் உயரமும் கொடுத்தாள். நளீம் திருப்பிச் சொன்னான். அதோடு விட்டிருக்கலாம். அவள் விடவில்லை. எல்லாம் பதிவாகிற அந்த ரேடியோவில், நிதானமான ஆங்கிலத்தில், ஓடுபாதை மாற்றியபோது புதிய டிபாச்சரைக் கொடுக்கவில்லை, அது கோபுரத்தின் பிழை என்றாள். நாங்களும் கேட்கவில்லை, அது எங்கள் பிழை என்றார் அன்ஸார்.

மைக்கை வைத்ததும் நான் பாய்ந்தேன்.

“ஒரு சொல்லு! ஒரே ஒரு சொல்லு சொல்ல மறந்தீங்களே மிஸ்! பதினொரு பேர்!”

“ஆமா நானா.”

“என்ட மகன்!”

“ஆமா. என்ட பிழைதான்.”

சண்டை பிடிக்க வந்தவனுக்கு இப்படிப் பதில் சொன்னால் அவன் என்ன செய்வது? படியிறங்கி வந்துவிட்டேன். யானைகள் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தன. குட்டி தாரில் படுத்திருந்தது. அன்றைக்கு அவற்றை விரட்ட எனக்கு மனம் வரவில்லை.

பின்னேரம் முகாமையாளர் மாணிக்கவாசகம் ஓடி வந்தார். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். வேர்த்துக் கொட்டியது.

“மிஸ், அறிக்கையில யானையைப் போடுவம். யானை வந்ததால குழப்பம். எல்லாருக்கும் விளங்கும்.”

“யானைக்கு என்ன சார் தெரியும் டிபாச்சரைப் பத்தி?” என்றாள் அஜந்தா. “நான் சொல்லல்ல. அவங்க கேக்கல்ல. அதைத்தான் எழுதுவேன்.”

“லைசன்ஸ் போகும் மிஸ்.”

“போகலாம்.”

அன்றே அவளைக் கடமையிலிருந்து நிறுத்தினார்கள். விசாரணை முடியும்வரை கோபுரத்துக்குள் போகக்கூடாது. அன்ஸாரும் அதேபோல வீட்டில் இருக்க வேண்டும். நளீம் துணை என்பதால் வாக்குமூலம் எடுத்துவிட்டு, வேறொரு கப்டனோடு ஒரு நாள் விட்டு அடுத்த நாளே பறக்கலாம் என்றார்கள். ஆள் பற்றாக்குறை. கோபுரத்தில் அவளுக்குப் பதிலாகப் பிரணவன் என்ற இளம் பொடியன். நல்ல பொடியன், ஆனால் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

வீட்டில் மஸூதாவிடம் நானும், இரவே கொழும்பிலிருந்து ரோட்டு வழியாக வந்துசேர்ந்த நளீமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மழையால் தாமதம் என்றோம். அவள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சோற்றைப் போட்டாள்.

அடுத்த நாள் அந்தியில், மஃரிபுத் தொழுகைக்குச் சற்று முன்னால் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். எட்டிப் பார்த்தால் அஜந்தா. குடை, ஒரு கைப்பை, வேலைக்கு உடுக்கிற சேலை இல்லை, சாதாரணச் சட்டை. இரண்டு குடும்பமும் மாத்தளை டவுனிலேயே இருந்தும் அதுவரை எங்கள் வீட்டுக்கு அவள் வந்ததில்லை.

“நானா, உங்கட மனுசியைப் பாக்கணும்.”

எனக்கு விளங்கிவிட்டது. “வேணாம் மிஸ்” என்றேன் மெதுவாக. “அவளுக்கு ஒண்டும் தெரியாது.”

“அதுக்குத்தான் வந்தேன்.”

மறிக்கலாமா என்று யோசித்தேன். அதற்குள் மஸூதா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்துவிட்டாள். “வாங்க மகள், உள்ளுக்கு வாங்க” என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் உட்கார வைத்தாள். நளீம் அறையிலிருந்து வந்து, அவளைக் கண்டதும் கதவிலேயே நின்றுவிட்டான்.

அஜந்தா தேத்தண்ணி வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை. செய்தி வாசிக்கிற மாதிரி, ஒரு அலங்காரமும் இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். யானை, ஓடுபாதை மாற்றம், சொல்லாமல் விட்ட சொல், மேகம், மலை. தமிழில் கத்தியதை மட்டும் சொல்லவில்லை. அதை நளீம்தான் கதவிலிருந்து சொன்னான். “அவங்க கத்தினாங்க உம்மா. அதாலதான் திரும்பினோம்.”

“கத்த வேண்டி வந்ததே என்னாலதான்” என்றாள் அஜந்தா. “இதை உங்களுக்கு நான்தான் சொல்லணும் எண்டு நினைச்சேன். வேற யாரும் சொல்லி நீங்க கேக்கக் கூடாது.”

மஸூதாவுடைய வாயைப் பற்றி எனக்குத் தெரியும். என்னை மாதிரி மூன்று பேரை நிற்க வைத்துக் கிழிக்கக்கூடியவள். நான் தயாராகத்தான் நின்றேன். அவள் எழும்பிப் போய் நளீமுடைய தோளைத் தொட்டாள், கன்னத்தைத் தொட்டாள், பிறகு சட்டைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அழுகை வந்தது. சத்தமில்லாமல் அழுதாள். அஜந்தா எழும்பி நின்று தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு இருவரையும் பார்க்க முடியவில்லை.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு மஸூதா முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

“நாளைக்கும் இவன் பறக்கிறான் தானே?”

“ஆமா” என்றான் நளீம்.

“நீங்க அங்க இருப்பீங்களா மகள்?”

“இல்ல. என்னை நிப்பாட்டியிருக்காங்க.”

“அப்ப யாரு?”

“பிரணவன் எண்டு ஒருத்தர்.”

“அவருக்குத் தெரியுமா?” என்றாள் மஸூதா. “யானை வந்தா என்ன சொல்லணும் எண்டு அவருக்குத் தெரியுமா? மலை இருக்கு எண்டு இவனுக்கு யாரு சொல்லுவா?”

நான் அவளைச் சமாதானப்படுத்த வாயெடுத்தேன். வானிலை நாளைக்கு நல்லதாம், அவர்கள் எல்லாம் படித்தவர்கள், இப்படி ஏதாவது. அஜந்தா அதற்கு இடம் விடவில்லை. கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள். பிரணவனை அழைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள்.

“பிரணவன், அஜந்தா கதைக்கிறேன். நாளைக்கு வடக்கு முனையில யானை நிக்குது எண்டு வைங்க. விமானம் தெற்கால போகுது. முதல்ல அனுமதி கொடுத்தாச்சு. என்ன செய்வீங்க?”

அந்தப் பக்கம் பொடியன் தடுமாறினான். “மிஸ்... நீங்க இப்ப கடமையில...”

“இல்ல. சொல்லுங்க.”

“பழைய அனுமதியை ரத்து செய்வேன் மிஸ். தெற்கு டிபாச்சரை முழுசா வாசிப்பேன். ஐந்நூறு அடியில இடது பக்கம். அவங்க திருப்பிச் சொல்லாம புறப்பட விடமாட்டேன்.”

“வெயில் எண்டா?”

“வெயில் எண்டாலும் மிஸ்.”

அஜந்தா மஸூதாவைப் பார்த்தாள். போனை எடுக்கக் கை நீட்டினாள். மஸூதா அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். மற்றக் கை இன்னும் மகனுடைய சட்டையில்தான் இருந்தது.

“இன்னொரு தரம் சொல்லச் சொல்லுங்க” என்றாள்.